யசோதரையின் சொந்தக் கோபம்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் யசோதரைக்கு அவளுடைய முழுப்பெயர்கூட மிஞ்சவில்லை. மாரிகுப்பத்துப் பௌத்த சங்கத்துக்கு ஞாயிறு தவறாமல் போய்வந்த அவளுடைய அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. புகுந்த வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் நாகம்மா அதை யசோதா என்று குறுக்கிவிட்டாள்.

"இம்மாம் நீளப் பேரைக் கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள சோறு தீஞ்சுடும்" என்றாள்.

அந்தக் காலத்தில் யசோதரை எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வரும். அதற்குள் மூச்சு வாங்கும். விட்டுவிடுவாள்.

சின்ன வயதில் ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. வலி, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி ஒவ்வொரு மூட்டாக இடம் மாறியது. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. வலி போன பிறகும் அவளைத் திரும்ப அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அந்த வலி போகிற போக்கில் நெஞ்சுக்குள்ளே ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கல்யாணமாகி வந்த பிறகு, குழாயடியிலிருந்து குடத்தோடு ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தாள். நாகம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நாகம்மாவின் புருஷன் பூமிக்கு அடியில் கல்தூசியைத் தின்று தின்று மூச்சடைத்துச் செத்தவர். ஆகவே மூச்சிறைப்பு என்பது அவளைப் பொறுத்தவரை உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய ஒன்று.

"கல்லு ஒடைக்கறவனுக்கு மூச்சு வாங்கினா ஞாயம். ஊட்ல குந்தினுக்கிறவளுக்கு இன்னா மூச்சு?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்பாள்.

ஒருநாள் குழாயடியில் இருமியபோது கையில் இளஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. அதற்கு மேல் நாகம்மாவாலும் பேச முடியவில்லை. யசோதரையின் புருஷன் துளசிராமன் அவளைச் சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார், வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அது அறுபத்தாறாம் வருஷம்.

வேலூர் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இருதயத்துக்குள் ஒரு கதவு இருக்கிறது, அது ஒட்டிப்போய்ப் பாதிகூடத் திறக்கவில்லை, ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நிற்கிறது என்றார். யசோதரைக்கு உடனே புரிந்தது. ஷிப்ட் முடிந்தவர்களைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றி வருகிற கூண்டின் கதவு ஒரு சாண்தான் திறக்கிறது, உள்ளே ஆட்கள் நெரிகிறார்கள். அவ்வளவுதானே. விலாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, அந்தக் கதவைப் பிரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். துளசிராமன் இதைக் கூட்டாளிகளிடம் ஒருமுறைதான் சொன்னான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் சேர்ந்து வேலை செய்கிற கூட்டத்தை கேங் என்பார்கள். பாறை சரிந்து ஒருவன் அடியில் மாட்டிக்கொண்டால் அவனுடைய கேங்கே இறங்கித் தூக்கும், வேறு ஆள் வரட்டும் என்று நிற்காது. அப்படித் தூக்கியவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு பாத்தியதை உண்டு. எப்போது வந்தாலும் டீ. வந்தவன் வைத்ததுதான் சட்டம். துளசிராமன் பாறை சரியாமல் முட்டுக்கட்டை நிறுத்துகிறவன். அவனுடைய கேங் ஒரு ஆள் விடாமல் ரயிலேறி வேலூருக்கு வந்தது. டிரில் மெஷின் ஓட்டுகிற கோதண்டராமன், கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளுகிற இன்பராஜ் எல்லாரும். மலையைக் குடைகிறவர்கள் ஊசியைப் பார்த்து வெளிறிப்போனார்கள். கோதண்டராமன் மட்டும் "எட்துக்கோமா, நல்லா எட்துக்கோ, நம்ம ஒடம்புல ஊறும்" என்று நர்சிடம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினானாம். ஒரு பெண்ணுக்காக அப்படி வந்தார்கள். அதை யசோதரை ஒருநாளும் குறைத்து நினைத்ததில்லை. பின்னால் அத்தனை கோபம் வந்தபோதும் அதை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்புக்குக் கீழிருந்து முதுகுவரை ஒரு வெட்டு. இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாளடைவில், படுத்தால் மூச்சு முட்டவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், எதற்கென்றே தெரியாமல் அழுதாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தாலும் அழுகை வந்தது.

வார்டு நர்ஸ் லூயிசா சிஸ்டர்தான் சொன்னாள். "நெஞ்சைத் தெறந்து மூடியிருக்கு. அழுகை வரும், கோவம் வரும். வந்தா அழு. யார்கிட்டயும் காரணம் சொல்லணும்னு இல்லே. ஆனா நாடி ஒழுங்கில்லாம தட்டுச்சுன்னா, மூச்சு நல்லாருந்தாலும் சரி, ஓடி வந்துடணும். தெரிஞ்சுதா?"

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது கேங் மொத்தமும் வாசலில் இருந்தது. இன்பராஜ் முதல் டீயை உறிஞ்சிவிட்டு, "அண்ணி, சக்கரை கொஞ்சம் சேத்துப் போடுங்க. உள்ள ஓடறது நம்ம ரத்தம், கணக்குப் பார்க்காதீங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யசோதரையும் சிரித்தாள். சர்க்கரை போட்டாள்.

வந்த புதிதில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வேடிக்கை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் குழம்பைத் தாளிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த வீட்டுப் பாப்பம்மா, கோதண்டராமனின் பெண்சாதி, எட்டிப் பார்த்துவிட்டு, "இன்பராஜ் அண்ணன் ரத்தம் வேலையக் காட்டுதுடி. அவரும் ரெண்டு கிளாஸ் போட்டா இப்டித்தான் ஓன்னு அழுவாரு" என்றாள். இன்னொரு நாள் பால்காரனிடம் தண்ணீர்ப் பாலுக்காக யசோதரை குரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் முதல்முறை. உடனே நாகம்மா பெருமையாகச் சொன்னாள்: "அது கோதண்டம் ரத்தம். அவன் மேஸ்திரியையே சட்டையப் புட்ச்சவனாச்சே."

கொஞ்ச நாளில் லைனுக்கே இது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் வாசலில் சும்மா உட்கார்ந்தால் இன்னார் ரத்தம், உப்புக் கூடினால் இன்னார் ரத்தம். குழாயடியில் பெண்கள் பந்தயம் கட்டாத குறையாகப் பேசினார்கள். ஆபரேஷன் செய்துகொண்டது அவள். விலாவில் இழுக்கிற தையல் அவளுடையது. இடது கையைத் தூக்கித் தலைவாரக் கஷ்டப்படுகிறவள் அவள். ஆனால் அவள் அழுதால் அது இன்பராஜின் அழுகை, அவள் கோபப்பட்டால் அது கோதண்டராமனின் கோபம். அவளுடையது என்று எதைத்தான் விட்டார்கள்? பார்க்க வருகிற பெண்களோ தழும்பைக் காட்டச் சொன்னார்கள். "உசுர் பொழச்சிக்கினே, இன்னா கொறை ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, அவளே போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

துளசிராமனிடம் சொன்னாள். அவன் நல்லவன்தான், ஆனால் கேங்குக்குப் பயந்தவன். "ரத்தம் குடுத்தவங்க ரெண்டு வார்த்தை பேசினா தேய்ஞ்சா போய்டுவே? சும்னே பேஜார் பண்ணாதே" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் நெஞ்சுக்குள் அந்தத் தட்டல் ஆரம்பித்தது. பகலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இருதயம் திடீரென்று கால் இடறி, ஓடி, நின்று, மறுபடி ஓடியது. மணிக்கட்டில் விரலை வைத்தாள். சிஸ்டர் சொன்ன அதே ஒழுங்கில்லாத தட்டல்.

"அத்தே, நெஞ்சு தடதடன்னு அடிக்குது. வேலூர்ல இப்டி வந்தா வரச் சொன்னாங்க."

நாகம்மா அவள் முதுகில் கைவைத்துப் பார்த்தாள். பாப்பம்மாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

"டிரில்லு! எங்க ஊட்டுக்காரர் ரத்தம், இன்னா பண்ணும்? நாளெல்லாம் மெஷினப் புட்ச்சி ஆடின ஒடம்பு. தூங்கும்போதுகூட அவர் கை இப்டித்தான் ஆடும்" என்றாள் பாப்பம்மா.

இது கேலி இல்லை. அதுதான் கொடுமை. அவர்கள் மனதார நம்பினார்கள். டிரில் பிடிக்கிறவர்களுக்குக் கை விரல் நடுங்கும் என்பது அந்த லைனில் எல்லாரும் கண்ணால் கண்ட உண்மை. அந்த நடுக்கம் ரத்தத்தோடு வந்து அவளுடைய நெஞ்சில் இறங்கிவிட்டது என்று முடிவு செய்தார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சாயங்காலம் கோதண்டராமனே வந்து, மன்னிப்புக் கேட்பவன் போல, "நம்ம வேலை அப்டி அண்ணி, இன்னா பண்றது" என்று தலையைச் சொறிந்தான். துளசிராமனும் நம்பினான்.

யசோதரை மட்டும் பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை. அந்தப் பாதி நம்பிக்கைக்காகத்தான் பிறகு அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. சிஸ்டர் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாளே! ஆனால் வீடு முழுக்க ஒன்றைச் சொல்லும்போது, ஒரே ஒரு விரல் சொல்வதை எத்தனை நாள் கேட்க முடியும்?

அடுத்த ஞாயிறு கேங் வந்தது. பெரிய தட்டில் டீயை எடுத்து வந்தாள். இன்பராஜுக்குத் தம்ளரை நீட்டியபோது வலது கை விரல்கள் இருக்குமிடம் தெரியாமல் போயின. தம்ளர் விழுந்து டீ சிதறியது. "கை வரலே" என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு ஈரச் சாக்கு மாதிரி கிடந்தது. வார்த்தை வரவில்லை, ஏதோ குழறல் வந்தது.

கூட்டத்தில் யாரோ, "இன்பராஜ் ரத்தம்டா! பட்டப்பகல்லயே ஏறிக்கிச்சு!" என்றான்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்பராஜ் எழுந்து நின்று கும்பிடு போட்டான். நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துளசிராமனும் சிரித்தான். யசோதரை சுவரில் சாய்ந்து, ஒரு பக்கம் செத்துப்போன வாயோடு, அவர்கள் சிரிப்பதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் திரும்பி வந்தன. நாக்கும் வந்தது. அவள் சிந்திய டீயைத் துடைத்தாள். அந்தத் துணியைப் பிழிகிறபோது அவளுக்குள் எழுந்தது யாருடைய ரத்தத்தில் இருந்தும் வந்ததல்ல என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் துளசிராமனுக்குக் காலை ஷிப்ட். அவன் மேலே வருகிற நேரத்துக்கு யசோதரை ஒரு புடவையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, சுரங்க வாசலில் போய் நின்றாள்.

பெண்கள் அங்கே வருவதில்லை. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு சங்கு ஊதினால் மட்டும்தான் ஓடி வருவார்கள். கூண்டு மேலே வந்து கதவு திறந்ததும், முதலில் வெளியே வந்த ஆள் அவளைப் பார்த்து அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாருடைய வீட்டில் சாவு என்று ஒவ்வொருவன் முகமும் கேட்டது.

கோதண்டராமன்தான் கிட்டே வந்தான். "இன்னா அண்ணி, யாருக்கு இன்னா ஆச்சு?"

"எனக்குத்தான் ஆச்சு" என்றாள் யசோதரை. "நேத்து உங்க கண்ணு முன்னாடி கையும் வாயும் இழுத்துக்கிச்சு. எல்லாரும் சிரிச்சீங்க. ஒரு ஆள் பாறைக்கு அடியில கைய ஆட்னா சிரிப்பீங்களாண்ணா?"

துளசிராமன் முகத்தில் அழுக்குக்கு நடுவே கண் மட்டும் தெரிந்தது.

"மாரிகுப்பத்துல ரயிலு நிக்குது. நான் வேலூருக்குப் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க."

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான் துளசிராமன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன்னு யார் சொன்னது?"

அவன் தலைவிளக்கைக் கழற்றிக் கோதண்டராமன் கையில் கொடுத்தான். சுரங்கத்து பூட்சோடு, குளிக்காமல், அவளுக்குப் பின்னால் நடந்தான். பங்காருப்பேட்டையில் வண்டி மாறியபோதுதான் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினான். காட்பாடி வரைக்கும் அவள் அவனோடு பேசவில்லை.

வேலூரில் டாக்டர் நாடியைத் தொட்டதுமே அவருடைய முகம் மாறியது. ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இருதயத்தின் ஓர் அறை சுருங்கி விரியாமல் வெறுமனே துடிக்கிறது, அதில் ரத்தம் உறைந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது, நல்ல வேளையாகக் கரைந்துவிட்டது, இன்னொன்று அப்படிக் கரையும் என்று சொல்ல முடியாது என்றார்.

"தட்டல் ஆரம்பிச்சு எத்தனை நாளா சும்மா இருந்தே? சொல்லித்தானே அனுப்பினோம்?"

யசோதரைக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. "எனக்கு ரத்தம் குடுத்தவரு டிரில் ஓட்றவருங்க" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னது அவளுடைய காதுக்கே எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டது! கட்டிலின் ஓரத்தில் நின்றிருந்த துளசிராமன் தரையைப் பார்த்தான்.

டாக்டர் போன பிறகு லூயிசா சிஸ்டர் முழுக்கதையையும் கேட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"உனக்கு ஏத்தினதே ஒரு பாட்டில்தான். நான்தான் பக்கத்துல இருந்தேன். உன் ரத்தப் பிரிவு உங்க ஆளுங்க யாருக்குமே இல்லே. இங்கே ஏற்கெனவே எடுத்து வச்சிருந்ததுல ஒண்ணைக் குடுத்தோம். அவங்க குடுத்தது அதுக்குப் பதிலா. அது வேற யார் யாருக்கோ போயிருக்கும்."

யசோதரை எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ கோதண்டராமன் அண்ணன் ரத்தம்?"

"உன்கிட்ட ஒரு சொட்டு இல்லே. இருந்தாலும் அது உனக்கு வந்து டிரில் அடிக்காது. அழுகை, கோவம் எல்லாம் ரத்தத்துல ஊறி வர்ற சரக்கு இல்லம்மா."

அன்று சாயங்காலம் முழுக்க யசோதரைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு சொட்டு இல்லை! இல்லாத ரத்தத்துக்கு எத்தனை டீ, எத்தனை சர்க்கரை, எத்தனை சிரிப்பு. இல்லாத ரத்தத்தால் கிட்டத்தட்டச் செத்தே போயிருப்பாள். இருந்திருந்தால் மட்டும்? அப்போதும் நெஞ்சு அவளுடையதுதானே. அதை நினைத்தபோது ஆத்திரம் இன்னும் கூடியது.

"ஊருக்குப் போய் இதெல்லாம் சொல்லாதே" என்றான் துளசிராமன் மெதுவாக. "பசங்க மனசு நொந்துடும்."

"என் மனசு எதுல செஞ்சதுன்னு நெனைக்கிறீங்க?" என்றாள்.

நாடி அடங்கி, மாத்திரைகளோடு அவள் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு கேங் வந்தது. இந்த முறை யாரும் உரிமையாக நுழையவில்லை. வாசலிலேயே நின்று, "எப்டி கீறீங்க அண்ணி?" என்று கேட்டார்கள். யசோதரை உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு, சிஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

கோதண்டராமனின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ... என் ரத்தம் எவனுக்குப் போச்சு?"

"யாருக்குத் தெரியும்ணா? எவனோ பாவம், இப்போ கோவத்துல ஒரு வார்த்தை பேசினா அவன் ஊட்ல இன்னா சொல்றாங்களோ!"

இன்பராஜ் பலமாகச் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். "அண்ணி, ஒரு உசுரு பொழச்சிருக்கும் இல்லே?" என்று கேட்டான். அவனுடைய குரல் கேலியாக இல்லை.

"பொழச்சிருக்கும்ணா. நீங்க வந்ததால எனக்கும் அன்னிக்கு இன்னொருத்தர் ரத்தம் கெடைச்சுது. அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். இந்த ஊட்ல உங்களுக்கு டீ எப்பவும் உண்டு. ஆனா என் அழுகைக்கும் கோவத்துக்கும் இனிமே யாரும் பேர் வெக்காதீங்க."

நாகம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தோற்றுப்போக அவளுக்கு மனமில்லை. "அப்போ அந்த ஒரு பாட்டில்காரன் பெரிய ரோஷக்காரனா இருந்திருக்கணும். இல்லாட்டி வாயத் தொறக்காத பொண்ணு இந்தப் பேச்சுப் பேசுமா?"

யசோதரை மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் தானாக மணிக்கட்டுக்குப் போயின. தட்டல் ஒழுங்காக இருந்தது.

"அத்தே, இந்தப் பேச்செல்லாம் நான் இந்த ஊட்டுக்கு வந்த அன்னிக்கே எனக்குள்ள இருந்துச்சு. பேசறதுக்கு மூச்சுதான் இல்லே. இப்போ மூச்சு இருக்குது. என் பேரு யசோதா இல்லே, யசோதரை."

நாகம்மா உள்ளே போய்ப் பாத்திரம் எதையோ உருட்டினாள். துளசிராமன் எழுந்து காலித் தம்ளர்களைப் பொறுக்கினான். அவன் அதுவரை செய்யாத வேலை அது. இன்பராஜின் தம்ளரில் டீ பாதிக்கு மேல் இருந்தது. சர்க்கரை போதாது என்பது அவனுடைய முகத்திலேயே தெரிந்தது. அவன் கேட்கவில்லை. யசோதரையும் போடவில்லை.